ஒரே பலகை, ஒரே பந்தி: வடசென்னையில் அன்பின் சமூகம் வளர்ந்த வரலாறு

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன் நடந்தோரின் அடிச்சுவடுகளைத் திரும்பிப் பார்த்தல் கடமையாகும். விழா என்பது மகிழ்தற்கு மட்டும் உரியதன்று. எண்ணிப் பார்த்தற்கும் உரியது. எந்த நெறியால் நாம் ஒரு சமூகமாக எழுந்தோம், எந்த இடத்தில் தடைப்பட்டோம், இனி எவ்வழி செல்லவேண்டும் என்பவற்றை இளைஞர்கள் அறியவேண்டும் என்னும் நோக்குடன் இக்கட்டுரையை எழுதத் துணிகின்றோம்.

சென்னைத் துறைமுகத்தையொட்டி ராயபுரம் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் எனக் கடலோரமாக வடக்கே நீளும் நிலப்பரப்பே நம் ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எண்ணூரில் உரத் தொழிற்சாலை எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், 1970இல் அனல் மின் நிலையமும் வந்தன. இவற்றைக் கட்டவும் இயக்கவும் செங்கற்பட்டு, வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் மக்கள் வந்து சேர்ந்தனர். கல் சுமந்தவரும், நிலக்கரி வாரியவரும், மூட்டை தூக்கியவரும், தெரு கூட்டியவரும் அவர்களே. ஊரில் சேரி என்று ஒதுக்கப்பட்டவர், நகரில் குப்பம் என்றும் குடிசை என்றும் ஒதுக்கப்பட்டனர்.

இத்தகைய இடத்தில் கிறிஸ்தவ அன்பு என்பதற்கு என்ன பொருள்? இதுவே இக்கட்டுரையின் வினா. அன்பைப் பற்றிய பிரசங்கங்கள் எந்நாளும் குறைந்ததில்லை. ஆயின், எவ்விடத்தில் மனிதன் பிரித்து உட்கார வைக்கப்பட்டானோ, அவ்விடத்திலேயே அவன் சேர்த்து உட்கார வைக்கப்பட்டபோதுதான் அன்பு சமூகமாக மாறிற்று. நம் வரலாறு காட்டும் உண்மை இதுவே.

கஞ்சித் தொட்டி

ஸ்டான்லி மருத்துவமனையை நம் பெரியோர் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சத்தின் கதை உண்டு. ஹைதர் அலியுடன் நடந்த போரினால் நாட்டுப்புறம் பாழாகி, 1782இல் பசித்தோர் சென்னையை நோக்கிப் பெருகி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்த்தற்காக எழுந்ததே மணியக்காரர் சத்திரம். அதனையொட்டி மருத்துவ விடுதி தோன்றிற்று. நாளடைவில் அது வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப்பின் வந்தது 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். அது உயிர் வாழப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதிட்டார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்சக் கூலியாட்களைக் கொண்டே வெட்டப்பட்டது. முன்னரே எண்ணூர் வரை வெட்டப்பட்டிருந்த வடபகுதியும் அதனோடு சேர்ந்து, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்நீரின் அடியில் நம் முன்னோரின் பசி கிடக்கிறது.

கஞ்சி வார்த்தவர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சியே கடவுள். எனினும் ஓர் உண்மையை எண்ணுதல் வேண்டும். கஞ்சித் தொட்டியில் கொடுப்பவன் நிற்கும் இடம் வேறு. வாங்குபவன் நிற்கும் இடம் வேறு. கஞ்சி தீர்ந்ததும் இருவரும் தத்தம் வழியே செல்வர். அது இரக்கம். இரக்கம் உயிரைக் காக்கும். ஆனால் உறவை உண்டாக்காது. உறவு உண்டாக வேறொன்று வேண்டியிருந்தது.

ஒரே பலகை

ராயபுரத்துக்குத் தெற்கே, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட ஜார்ஜ் டவுனில், அர்மேனியன் தெருவில் 1837 ஏப்ரலில் 59 சிறுவர்களுடன் ஒரு பள்ளி இயங்கத் தொடங்கிற்று. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் அருட்தொண்டர் ஜான் ஆண்டர்சன் அதன் தலைவர். ஆங்கிலக் கல்வியை நாடி உயர்சாதிப் பிள்ளைகள் திரண்டனர். பள்ளி விரைவில் பேர் பெற்றது.

அடுத்த ஆண்டிலேயே சோதனை வந்தது. பறையர் சமூகத்துச் சிறுவர் சிலர் அப்பள்ளியில் சேர்ந்து படிப்பது 1838இல் வெளிப்பட்டது. அவர்களை நீக்கவேண்டும், இல்லையேல் தனிப் பலகையிலாவது உட்கார வைக்கவேண்டும் என்று மற்றைப் பெற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணவர் பெருந்தொகையாக வெளியேறினர். ஈராண்டுகூட நிறையாத பள்ளி ஆட்டம் கண்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்போம். ஆண்டர்சன் முன் இருந்த வழிகள் பல. ‘பள்ளி நிலைத்தால்தானே தொண்டு செய்ய இயலும், இப்போதைக்கு விட்டுக்கொடுப்போம்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். தனிப் பலகை என்பது பார்வைக்குச் சிறிய சலுகைதான். ஆயினும் அச்சிறு சலுகைக்குள் முழுச் சாதியும் அடங்கியிருந்ததை அவர் கண்டார். பிரித்து உட்கார வைத்துவிட்டு அன்பைப் போதிப்பதைக் காட்டிலும், பிள்ளைகள் குறைந்த பள்ளியில் சேர்த்து உட்கார வைப்பதே மேல் என்று துணிந்தார்.

அப்பள்ளி அழியவில்லை. விலகிய பிள்ளைகளுக்கு ஈடாக வேறு பிள்ளைகள் வந்தனர். பின்னாளில் வில்லியம் மில்லரின் தலைமையில் 1877இல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி எனப் பெயர் கொண்டது; 1937இல் தாம்பரத்துக்குச் சென்றது. சட்டசபையில் நம் மக்களுக்காக முழங்கிய பெருந்தலைவர் எம். சி. ராஜா அக்கல்லூரியில் பயின்றவரே. ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரைச் சென்னை அரசு 1922இல் ஏற்றதற்குப் பின்னே நின்ற உழைப்பில் அவருடைய பங்கு பெரிது. 1838இல் பெயர் தெரியாத சில சிறுவர்க்காகப் பலகை காக்கப்பட்டது. அவர்களுக்குப்பின் வந்த தலைமுறைகளுக்கு அக்கல்லூரியின் வாயில் திறந்திருந்தது.

ஒரே பந்தி

பள்ளியிற் கண்ட பிரிவு கோயிலுக்குள்ளும் இருந்தது. சபைகள் பலவற்றில் உயர்சாதிக் கிறிஸ்தவர் ஒருபுறமும் நம் மக்கள் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்தில்கூட முன்னர்ப் பெறுவோர், பின்னர்ப் பெறுவோர் என்னும் வரிசை இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவவில்லை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் இவ்வேற்றுமைகள் உடனடியாகவும் முற்றிலும் ஒழிதல் வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அதன் விளைவாகத் தஞ்சாவூர், வேப்பேரி முதலிய சபைகளில் பெருங்கலகம் எழுந்தது. வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டு விலகி நின்றனர்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதனினும் ஒரு படி மேலே சென்றது. சாதியை விட்டேன் என்று வாயாற் சொல்லுதல் போதாது, யார் சமைத்த உணவையும் யாவரோடும் அமர்ந்து உண்டு அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் கருத்தை அம்மாநாடு ஏற்றது. லீப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதற்கு உடன்படவில்லை. இதனையொட்டிச் சபைகளில் ‘அன்பின் விருந்து’ நடத்தப்பட்டது. சிலர் உண்டனர், சிலர் எழுந்து சென்றனர். அன்பு என்னும் சொல் வாயில் இனித்தவர்களுக்கு, அந்த விருந்தின் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இது புதிதாகப் புகுத்தப்பட்ட சோதனையன்று. கொரிந்து நகரத்துச் சபையில் செல்வர் முந்தி உண்டு நிறைய, ஏழையர் பசித்திருந்ததைக் கண்டு பவுல் அடிகள் கடிந்து எழுதினார். அப்படிக் கூடி உண்பது கர்த்தருடைய பந்தியே அன்று என்பது அவர் தீர்ப்பு. எருசலேமின் முதல் திருச்சபையோ உடைமைகளைப் பொதுவாக வைத்து, வீடுதோறும் அப்பம் பகிர்ந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பந்தியே திருச்சபையின் அளவுகோல் என்பது தொடக்க முதலே உள்ள நெறியாகும்.

குடியிருக்க ஒரு மனை

திருவொற்றியூரும் எண்ணூரும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2011இல்தான் அவை சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அம்மாவட்டத்துச் சேரிகளில் குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாரருக்கு உரியதாயிருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், கூலி உயர்த்திக் கேட்டாலும், மிராசுதாரர் மனம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டியதே.

செங்கற்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகிய அருட்தொண்டர்கள் இந்நிலையைக் கண்டனர். வேதம் போதிப்பதோடு நில்லாமல், மனையுரிமையும் நிலவுரிமையும் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தனர். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே, பின்னர் ‘பஞ்சமி நிலம்’ என்று வழங்கிய நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று.

அதே காலத்தில் நம் மக்களும் வாய்மூடி இருக்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசரும், வெஸ்லியன் போதகர் ஜான் ரத்தினமும் 1880களில் ‘திராவிட பாண்டியன்’ இதழ்வழி ஒன்றுபட்டு உழைத்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் பின்னர்ப் பௌத்தம் தழுவினார். ஜான் ரத்தினமோ கிறிஸ்தவர். சமயம் வேறானாலும் சமூகப் பணியில் அவர்கள் தோள் சேர்ந்து நின்றதை நம் இளைஞர் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். அந்நில உரிமைக்காக ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் குருதி சிந்த நேர்ந்தது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். அவ்விரு பெயர்களும் இன்றளவும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன.

ராயபுரத்தின் ரெய்னி ஆஸ்பத்திரி

நம் பகுதியில் பிரசவ வலி கண்ட தாய்மாரின் வாயில் எழும் பெயர்களுள் ஒன்று ரெய்னி ஆஸ்பத்திரி. அதன் தொடக்கம் ஓர் இளம் பெண் மருத்துவரின் வீட்டில். ஸ்காத்லாந்தின் ஸ்கை தீவிற் பிறந்த டாக்டர் மாட்டில்டா மக்பெயில், இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியிற் பயின்று, 1888இல் சென்னைக்கு வந்தார். அந்நாளில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல நாணினர். நோயோடு வீட்டிலேயே மாண்டோர் பலர். மக்பெயில் அம்மையார் தாம் தங்கிய வீட்டிலேயே மருந்தகம் திறந்தார். நோயாளிகள் பெருகினர். மருந்தகம் சிறு மருத்துவமனையாயிற்று.

ஸ்காத்லாந்தில் மகளிர் மிஷன் பணியில் முன்னின்ற கிறிஸ்டினா ரெய்னி அம்மையார் இதற்காக நிதி திரட்டினார். அவர் பெயராலேயே 1914இல் ராயபுரத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பலின் குண்டுகளால் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன; மக்கள் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். போர்க்காலத்தில் மக்பெயில் அம்மையார் ஸ்காத்லாந்துப் பெண்கள் நடத்திய போர்க்கள மருத்துவமனைகளிலும் சென்று தொண்டாற்றி, மீண்டும் சென்னைக்கே திரும்பினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் இம்மண்ணில் உழைத்தார்.

மருத்துவமனை என்னும் இடம் சாதிக்குப் பெரிய சோதனையாகும். நோயாளியைத் தொடவேண்டும், குருதியைத் துடைக்கவேண்டும், மலத்தை அகற்றவேண்டும். இவற்றைத் தீட்டு என்று கருதிய குடும்பங்கள் தம் பெண்களைச் செவிலியர் பணிக்கு அனுப்ப மறுத்தன. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே, சிறப்பாக ஒடுக்கப்பட்டோரின் பெண்மக்களே, இப்பணியில் முன்வந்தனர். தீட்டு என்று தள்ளப்பட்ட கைகளே பிறந்த குழந்தையை முதலில் ஏந்தும் கைகளாயின. வெள்ளுடை அணிந்த அப்பெண்களால் குடும்பங்கள் நிமிர்ந்தன. அவர்தம் பிள்ளைகள் படித்தனர். கஞ்சித் தொட்டியில் வாங்கி நின்ற சமூகம், இங்கே கொடுக்கும் இடத்துக்கு வந்தது. அன்பின் சமூகம் என்பது இதுவே: பெறுவோர் என்றும் பெறுவோராகவே இருந்துவிடாத சமூகம்.

பந்தி இல்லாத ஒற்றுமை

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிலாளர் இயக்கத்துக்கே அது முன்னோடி. பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார் முதலியோர் அதற்கு உழைத்தனர். ஆயின் 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அவ்வொற்றுமை பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன.

யார் மீது பழி என்று தீர்ப்பளிப்பது இங்கு நம் நோக்கமன்று. கடன்பட்டு, கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்த நம் மக்களால் மாதக்கணக்கிற் பட்டினி கிடக்க இயலவில்லை. ஆலையினுள் ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள், ஆலைக்கு வெளியே ஒரே பந்தியில் அமர்ந்ததில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத மக்களைக் கூலி ஒன்றே நெடுநாள் கட்டி வைக்காது. நெருக்கடி வந்தபின் ஒற்றுமையைத் தேடுவது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதைப் போன்றது.

சான்றிதழ் பிரித்த தெரு

1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. வெவ்வேறு மிஷன்களின் சபைகள் ஒன்றாயின. ரெய்னி மருத்துவமனையும் அதன் குடைக்கீழ் வந்தது. மிஷன் வேற்றுமை மறைந்தது. சாதி வேற்றுமை மறைந்ததா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைக் குறுக்கே பிரித்து நின்ற சுவரை நாடறியும். இறந்த பின்னும் தனிப் பலகை!

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் உரிமையை இந்துக்களுக்கு மட்டும் உரித்தாக்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதிற் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கு அவ்வுரிமை வழங்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, தன்னைப் போன்ற பிறருக்குக் கிடைத்த அரசு உதவி தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1985இல் அம்மனு தள்ளுபடியாயிற்று. அவர் கையிலிருந்த ஊசியும் வாரும் மதம் மாறவில்லை. எனினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு மனிதரானார்.

இதனை எதிர்த்துத் திருச்சபையினுள்ளும் குரல் எழுந்தது. 1983இல் வான்கூவர் நகரில் கூடிய உலகத் திருச்சபைகள் பேரவையில் தலித் மக்களின் துயரை எடுத்துரைத்தவர் ம. அசரியா, பின்னர் 1990இல் அவரே சென்னைப் பேராயர் ஆனார். அதே 1990இல் தமிழகக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்காகப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

நம் தெருக்களில் இவ்வாணையின் விளைவைக் கண்கூடாகக் காண்கின்றோம். ஒரே குடும்பத்தில் அண்ணன் மகனுக்கு ஒரு சான்றிதழ். தம்பி மகனுக்கு வேறு சான்றிதழ். கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் அச்சான்றிதழைப் பொறுத்தே அமைகின்றன. இதனால் இந்துவாகிய தலித்தும் கிறிஸ்தவராகிய தலித்தும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் நிலை உண்டாகலாம். ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் தோள் சேர்ந்த மரபில் வந்த நாம் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. சட்டம் பிரித்தாலும் பலகை பிரிதல் கூடாது. நம் சங்கத்தின் வகுப்பறையில் எந்தப் பிள்ளையிடமும் சான்றிதழைப் பார்த்து இடம் காட்டப்படலாகாது.

இளைஞர்களுக்கு

இடர்க்காலம் முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்திற் பரவி, மீனவரின் படகையும் வலையையும் பாழாக்கிற்று. அதே மாத இறுதியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். நச்சுக் காற்று எவர் சாதியையும் மதத்தையும் கேட்கவில்லை. இத்தகைய இரவுகளில் கதவைத் தட்டி எழுப்பும் அண்டை வீட்டாரே நமக்குச் சமூகம். அந்த அண்டை உறவு நல்ல நாளிலேயே கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, வெள்ளி விழா மேடையில் அன்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்று நம் பகுதியில் தனிப் பலகையில் இருப்போர் யாவர்? 1964க்குப் பின் பர்மாவிலிருந்து உடுத்த துணியோடு வந்து எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறியவரின் பேரப்பிள்ளைகள் நம் விழாப் பந்தியில் அமர்கின்றனரா? துப்புரவுப் பணி செய்யும் அருந்ததியர் குடும்பங்களோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தகரக் கொட்டகையில் உறங்கி, நம் தொழிற்சாலைகளில் உழைக்கும் வடநாட்டுத் தொழிலாளியின் குழந்தைக்குத் தமிழெழுத்துக் கற்பிக்க நம் மாலை வகுப்பில் இடம் உண்டா?

அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பது எளிது. பலகையில் இடம் விடுவதே அரிது. 1838இல் அர்மேனியன் தெருவில் நம் சிறுவர்க்காகப் பலகையைக் காத்தவர், அதனாற் பள்ளியே போகலாம் என்று அறிந்தே காத்தார். அதன் பயனை நுகரும் நாம், அடுத்த 25 ஆண்டுகளில் பிறர்க்காக அதே பலகையைக் காப்போமாக. விசுவாசம் கிரியையினால் விளங்குக. நம் சங்கம் அனைவர்க்கும் ஒரே பந்தியாக வளர்க.